ஒரு பால்மா ரின், பதினாறு வெள்ளிக் காசு: எது தேய்வு, எது கள்ளம்?

வன்னியில் ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தம்பி எடை, படம் எல்லாம் சேர்த்துக் கேட்டிருக்கிறார். இடம்பெயரும்போது அம்மம்மா வளவுக்குள் தாட்டுவைத்த, தகரத்தாலான பால்மா ரின். மீளக் குடியேறிய பிறகு கிண்டி எடுத்தது. உள்ளே பதினாறு காசு. ஏழு ரூபாக் காசுகள் கறுத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. 1918 ஜோர்ஜ் மன்னர் ரூபா ஒருபக்கம் மழமழவென்று தேய்ந்து, மறுபக்கம் புதுசுபோல இருக்கிறது, எடை 11.74 கிராம். 1862 விக்ரோறியா ரூபா கொப்புளம் போட்டிருக்கிறது, 11.41. 1901 ஒன்று பளபளவென்று, 9.97. 1911 ஒன்று, 11.58. 1945 ஒன்று பச்சை பிடித்தது. 1947 ஒன்று காந்தத்தில் ஒட்டுகிறது. 'சிலோன், ஒரு ரூபா, 1885' என்று ஆங்கிலத்தில் பொறித்த, ராணி தலையுள்ள ஒன்று. மிச்சம் இரண்டும் ஐம்பது சதக் காசுகள், 1893உம் 1920உம், பிந்தியது சிவந்திருக்கிறது. நகைக்கடைக்காரர் ஒருவர் கொப்புளக் காசையும் பச்சைக் காசையும் கள்ளக்காசு என்று ஒதுக்கிவிட்டு, பளபளப்பானதை மட்டும் நல்ல வெள்ளி என்றாராம். எது சரி என்பது கேள்வி.

அவர் சொன்னதை அப்படியே தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பானதுதான் கள்ளம். கொப்புளமும் பச்சையும் நல்ல காசு. 1885 'சிலோன் ரூபா' காசு அடிக்கும் எந்த அக்கசாலையிலும் அடிக்கப்படாத கற்பனை. 1947 நல்ல காசு, ஆனால் அதில் வெள்ளி இல்லை. 1911 ஒன்றுதான் இன்னும் பார்க்க வேண்டியது. மற்றவை எல்லாம் நீங்கள் தந்த எடைக்கும் படத்துக்கும் பொருந்தி வருகின்றன.

வன்னியில் காசு பார்ப்பதில் உள்ள சிக்கல் இதுதான். புத்தகத்தில் 'போலியின் அறிகுறி' என்று எழுதியிருக்கும் குழி, கொப்புளம், நிறமாற்றம், மங்கல் எல்லாம் இங்கே மண்ணுக்குள் கிடந்த, நெருப்பில் வெந்த, மாலையில் கோத்துக் கழுத்தில் கிடந்த நல்ல காசுகளில்தான் கூடுதலாக இருக்கும். கள்ளக்காசுக்கு அந்தச் சீரழிவு பெரும்பாலும் வராது. நேற்று வந்தது அல்லவா. ஆகவே 'அழகாக இருக்கிறதா' என்று பார்ப்பதை விட்டுவிட்டு, இந்தத் தேய்வு எதனால் வந்திருக்கும், அந்தக் காரணத்துக்கு எடை ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். தேய்வுக்கும் ஒரு கணக்கு உண்டு.

அந்தக் கணக்கு எடையில் தொடங்குகிறது. பிரித்தானிய இந்திய வெள்ளி ரூபாவின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. அதனால்தான் பழைய பத்தர்மார், அதாவது நகை செய்பவர்கள், படிக்கல்லுக்குப் பதிலாக ரூபாக் காசையே தராசில் வைத்தார்கள். 1835 வில்லியம் மன்னர் ரூபாவிலிருந்து 1945 வரை இந்த எடை மாறவில்லை. வெள்ளி 1939 வரை ஆயிரத்துக்கு 917 பங்கு. 1940 முதல் 500 பங்கு. புழக்கத்தில் போகாத காசு 11.60க்கும் 11.70க்கும் இடையில் நிற்கும். நன்றாகப் புழங்கியது பெரும்பாலும் 11.4, 11.5. முகம் முழுக்க அழிந்து எழுத்து மட்டும் மிஞ்சியது 11.2 வரைக்கும் இறங்கலாம். இதற்குள் ஒரு முரண்பாடு ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். ராணியின் கன்னமும் தலைமயிரும் மொட்டையாகத் தேய்ந்த காசு 11.66 காட்டினால் அது சந்தேகத்துக்குரியது. தேய்ந்த உலோகம் எங்கே போனது? அதேபோல ஒவ்வொரு மயிர்க்கோடும் தெளிவாக உள்ள காசு 11.2 காட்டினாலும் பிழை. தேய்ந்த நல்ல காசு ஒன்றை அச்சாக வைத்து வார்த்தெடுக்கும் கள்ளர் முகத்தை அப்படியே கொண்டுவந்துவிடுவார்கள். எடையில்தான் பிடிபடுவார்கள்.

தராசு 0.01 கிராம் காட்ட வேண்டும். மரக்கறி நிறுக்கிற தராசு இதற்கு உதவாது. அதோடு விட்டமும் தடிப்பும் அளக்க வேணியர் இடுக்கிமானி ஒன்று, பத்து மடங்கு பெருக்கும் வில்லை ஒன்று, பழைய கணினி வன்தட்டிலிருந்தோ காதொலிப்பானிலிருந்தோ கழற்றிய நியோடிமியக் காந்தம் ஒன்று. இவ்வளவும் போதும்.

உங்கள் 1901 காசின் விட்டம் 30.6 மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கிறீர்கள். விட்டம் சரி, தடிப்பும் சரி, எடை மட்டும் 9.97. ஒன்றரைக் கிராமுக்கு மேல் குறைவு. கண்ணுக்குத் தேய்வே தெரியாத காசில் இது நடக்காது. அதே அளவு காசை வெள்ளிக்குப் பதில் செம்பு-நிக்கல் கலவையில் அடித்தால் ஏறக்குறைய 10 கிராம்தான் வரும், ஏனெனில் 917 வெள்ளியின் அடர்த்தி 10.3 அளவில், செம்பு-நிக்கலின் அடர்த்தி 8.9. பித்தளையில் அடித்து முலாம் பூசினால் 9.6 அளவு. எடையை 11.66 ஆக்க வேண்டுமென்றால் காசை ஆறில் ஒரு பங்கு தடிப்பாக்க வேண்டும்; அதை இடுக்கிமானி காட்டிக்கொடுத்துவிடும். எடை, விட்டம், தடிப்பு மூன்றையும் ஒன்றாகச் சரிக்கட்டுவது கள்ளருக்கு அவ்வளவு இலேசல்ல.

சந்தேகம் தீர அடர்த்தியை நேராகவே அளக்கலாம், வீட்டிலேயே. ஒரு சின்னக் கிளாசில் அரைவாசிக்குத் தண்ணீர் விட்டுத் தராசில் வைத்து, தராசைப் பூச்சியமாக்குங்கள். காசைத் தையல் நூலில் கட்டி, முழுவதும் தாழும்படி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண் காசு இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. காசின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. நல்ல ரூபாவுக்கு 11.66ஐ 1.13ஆல் வகுக்க 10.3 வரும். உங்கள் 1901ஐத் தொங்கவிட்டால் 1.12 அளவில் காட்டும். வகுத்துப் பாருங்கள், 8.9தான்.

இதில் பிழை விடுகிற இடங்கள் சில. காசில் காற்றுக்குமிழ் ஒட்டினால் அடர்த்தி குறைந்து தெரியும். ஒரு துளி பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவம் விட்டால் ஒட்டாது. மண்ணிலிருந்து வந்த காசில் உள்ள வெள்ளிக் குளோரைட்டுப் படைக்கு அடர்த்தி ஐந்தரைதான். அதுவும் குறைத்துக் காட்டும். தராசு 0.02 பிசகினால் ரூபாவில் விடை 10.1க்கும் 10.5க்கும் இடையில் ஆடும். ஆகவே இந்த முறை வெள்ளியா, செம்பு-நிக்கலா என்று சொல்லும். 917ஆ 800ஆ என்று சொல்லாது. பத்துச் சதக் காசுபோன்ற ஒரு கிராம் சாமானுக்கு இதை வைத்து மினக்கெட வேண்டாம். இன்னொன்று: ஈயமும் வெள்ளீயமும் கலந்து 10.3 அடர்த்தியைக் கொண்டுவர முடியும். பழங்காலக் கள்ளக்காசு அடிக்கிறவர்களுக்கு அது கைவந்த வேலை. அதைச் சத்தத்தில் பிடிக்கலாம். காசை விரல்நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் மெதுவாகத் தட்டினால் வெள்ளி மணிபோல நீண்டு ஒலிக்கும், ஈயம் 'டொக்' என்று செத்துப்போகும். ஆனால் ஓட்டை அடைத்த காசு, வெடித்த காசு, பற்றாசு (உலோகத்தை உருக்கி ஒட்டும் பொருள்) வைத்த காசு, மண் தின்ற காசு ஆகிய நல்லவையும் செத்த சத்தம்தான் போடும். சத்தம் நல்லாயிருந்தால் அது சாட்சி. சத்தம் கெட்டிருந்தால் அது ஒன்றுக்கும் சாட்சியல்ல.

காந்தச் சோதனையையும் பலர் பிழையாகச் செய்கிறார்கள். ஒட்டவில்லை என்பதால் வெள்ளி ஆகிவிடாது. செம்பும் பித்தளையும் ஈயமும் ஒட்டாது. காசை நாற்பத்தைந்து பாகை சரிவில் பிடித்து, ஒரு சின்னக் காந்த வில்லையை அதன்மேல் வழுக்கவிடுங்கள். வெள்ளியில் அது தயங்கித் தயங்கி இறங்கும், ஏனெனில் மின்னை நன்றாகக் கடத்தும் உலோகத்தில் நகரும் காந்தம் சுழல்மின்னோட்டத்தை எழுப்பி, அதுவே அதற்குத் தடையாகிறது. செம்பு-நிக்கலில் சர்ரென்று விழும். செம்பும் நல்ல கடத்தி என்பதால் செம்புக்கு வெள்ளி முலாம் பூசியதில் இது ஏமாற்றும். அங்கே எடைதான் துணை. 500 பங்கு வெள்ளி உள்ள 1940களின் ரூபாவிலும் காந்தம் வேகமாகத்தான் இறங்கும், பயப்பட வேண்டாம். உங்கள் ரின்னைப் பொறுத்தவரை இன்னும் ஒரு பொறி: ரின் துருப்பிடித்து அந்தத் துரு காசில் அப்பியிருந்தால் நல்ல வெள்ளிக் காசே காந்தத்தில் இலேசாக இழுபடும்.

1947 காசு ஒட்டுவதற்குக் காரணம் வேறு. அந்த ஆண்டு ரூபா தூய நிக்கலில் அடிக்கப்பட்டது. பின்பக்கம் புலி நிற்கும். நிக்கல் காந்தத்தில் ஒட்டும். ஆகவே ஒட்டுவதுதான் அது நல்ல காசு என்பதற்கு அடையாளம். வெள்ளி விலை மட்டும் கேட்காதீர்கள்.

1918 ரூபாவுக்கு வருவோம். ஒருபக்கம் அழிந்து மறுபக்கம் புதிதாக இருப்பது கைமாறிப் புழங்கிய தேய்வல்ல. கைமாறிய காசு இரண்டு பக்கமும் தேயும், அதுவும் உயர்ந்த இடத்தில் முதலில்: மன்னரின் புருவம், காது, தாடி, கிரீடத்தின் முத்துகள், பின்பக்கம் பூவிதழ்கள். தாழ்ந்த வெளியில் கோடு கடைசிவரை நிற்கும். நகையில் தொங்கிய காசு உடம்போடும் பக்கத்துக் காசோடும் உரசும் பக்கத்தில் மட்டும் தேயும், வெளிப்பக்கம் அப்படியே இருக்கும். காசுமாலை, பதக்கம், பிள்ளைக்குக் கட்டிய அரைஞாண் காசு எல்லாவற்றிலும் இது பொது. அப்படியானால் எடை குறையத்தானே வேண்டும், எப்படி 11.74? வில்லையால் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். மன்னரின் கிரீடத்துக்கு நேர் மேலே விளிம்பு வரிகள் நிரம்பி, சற்றே மஞ்சளான ஒரு திட்டு இருக்கும். வளையம் ஒட்டிய பற்றாசு அது. வளையத்தை வெட்டி அராவிய பிறகும் பற்றாசு கால் கிராம்வரை மிஞ்சலாம். தேய்ந்தது கொஞ்சம், ஒட்டியது கூட. கணக்குச் சரி. அராவிய கோடுகள் விளிம்பின் குறுக்கே இருந்தால் பத்தரின் கை. விளிம்பைச் சுற்றி முழு வட்டமாக ஒரு கோடு ஓடினால் அது வார்ப்பின் பொருத்துக்கோடு, அல்லது இரண்டு ஓடுகளை ஒட்டிச் செய்த போலி. சேகரிப்பாளர் விலை இந்தக் காசுக்குப் போய்விட்டது. 1918 ஏராளமாக அடித்த ஆண்டும்கூட. வெள்ளி விலை கிடைக்கும்.

கொப்புளம் போட்ட 1862. முதலில் ஆண்டைப் பற்றி ஒரு சொல்: 1862 என்ற ஆண்டையே மாற்றாமல் 1870களின் தொடக்கம்வரை அடித்தார்கள், பின்பக்கம் புள்ளிகளைக் கூட்டிக் குறைத்து வேறுபாடு காட்டினார்கள். ஆகவே இரண்டு 1862 காசுகள் புள்ளியில் ஒத்துப்போகவில்லை என்பதால் ஒன்று கள்ளம் ஆகாது.

கொப்புளத்துக்கு இரண்டு காரணம்தான் வரும். ஒன்று நெருப்பு. தூய வெள்ளி 961 பாகை செல்சியசில் உருகும், ஆனால் செம்பு கலந்த காசு வெள்ளி அதற்கு வெகு முன்பே, 780, 800 பாகை அளவில் வியர்க்கத் தொடங்கிவிடும். கிடுகுக் கூரையும் பனைவளையும் சேர்ந்து எரிந்த வீட்டில் அந்தச் சூடு வரும். பத்தரின் ஊதுகுழலும் தரும். உள்ளே இருக்கும் வாயு பொங்கி மேலே கொப்புளமாக நிற்கும், உலோகத்தில் உள்ள செம்பு கருகி மேற்பரப்பைக் கறுப்பாக்கும் அல்லது செந்நிறமாக்கும். மற்றக் காரணம், முலாம் பூசிய காசில் முலாம் எழும்புவது. வேறுபடுத்துவது சுலபம். உடைந்த கொப்புளம் ஒன்றைத் தேடி உள்ளே பாருங்கள். சாம்பல்வெள்ளையாகவே இருந்தால் அது முழு வெள்ளி. மஞ்சளோ செம்போ தெரிந்தால் முலாம். உங்கள் படத்தில் ராணியின் தோளருகே உடைந்த கொப்புளத்தின் உள்ளும் வெள்ளையே. வார்ப்புக் காசின் குழிகளை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வார்ப்பில் குழி உருண்டையாக, எழுத்தின் மேலும் வெளியிலும் எங்கும் பரவலாக இருக்கும், எழுத்தின் ஓரம் சவர்க்காரத்தில் செதுக்கியதுபோல மழுங்கியிருக்கும், விளிம்பு வரிகள் இடைக்கிடை அடைபட்டிருக்கும். நெருப்புக் காசில் ஒரு பக்கம் பொங்கியிருந்தாலும் எரியாத பக்கத்தில் எழுத்தும் விளிம்பு வரியும் கத்திபோலக் கூராக நிற்கும். 11.41 எடையும் இயல்பானதுதான். நெருப்பில் எடை போவதில்லை, அதற்கு முன் புழங்கியதில் போனது.

கறுத்து ஒட்டிய ஏழில்தான் கைவைக்க அவசரப்படக் கூடாது. வெறும் கறுப்பு வெள்ளிச் சல்பைட்டு. காற்றிலும் வரும், றப்பர் பட்டி சுற்றினாலும் வரும், பாதகமில்லை. ஆனால் உவர் மண்ணில் கிடந்த காசில் வருவது வெள்ளிக் குளோரைட்டு. சாம்பல், இலேசான ஊதா, மெழுகு தடவியதுபோன்ற தோற்றம். நகத்தால் அழுத்தினால் தடம் விழும் அளவுக்கு மெது. அது மேலே ஒட்டிய அழுக்கல்ல, காசின் தோலே மாறியது. சுரண்டினால் முகமும் சேர்ந்து போகும். நந்திக்கடல், கொக்கிளாய் உப்புநீர்க் களப்புகளின் பக்கத்து மண்ணில் இது கூட. உள்ளே குளத்துக் கட்டுப் பக்கச் செம்மண்ணில் குறைவு, அங்கே துருநிறக் கறைதான் பிரச்சினை.

ஒட்டிய காசுகளைக் கத்தியால் நெம்பாதீர்கள். நெடுங்காலம் மண்ணில் கிடந்த வெள்ளி நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். பற்றறிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீரை ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் விட்டு அப்படியே ஊறப்போடுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், வன்னிக் கிணறுகளில் கல்சியமும் உப்பும் கூட. கிழமைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதம் செல்லலாம். பிரிகிறவை தாமாகப் பிரியும். பிரியாதவை அப்படியே இருக்கட்டும். பழப்புளி, தேசிக்காய், திருநீறு, பல்விளக்கும் பசை, பித்தளை மினுக்கும் திரவம் ஒன்றும் வேண்டாம். திருநீறும் சாம்பலும் வில்லையில் பார்த்தால் மயிர்போல ஆயிரம் கீறல் விடும். அப்பச்சோடாவும் அலுமினியத்தாளும் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றும் முறை சல்பைட்டுக் கறுப்பை எடுக்கும், மெய்தான், ஆனால் மிஞ்சுவது உயிரில்லாத வெள்ளை. சேகரிப்பாளர் கறுத்த காசை வாங்குவார், மினுக்கிய காசைத் திருப்பித் தருவார்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு தேய்வு முல்லைத்தீவுக் கரையோரத்தில் கிடைக்கும் காசுகளில் உண்டு. 2004 ஆழிப்பேரலையில் போனதும் அலை தொடர்ந்து மணலில் உருட்டியதும் இப்படித்தான் வரும்: மேடும் பள்ளமும் ஒரேயளவாக மங்கி, கண்ணாடியை மணலால் தேய்த்ததுபோல் பளபளப்பே இல்லாமல், விளிம்பு உருண்டு. பள்ளமும் தேய்ந்திருப்பதால் முதலில் பார்ப்பவருக்கு வார்ப்புக் காசென்றே தோன்றும். அடர்த்தியைப் பாருங்கள், சரியாக வரும்.

1945 பச்சை பிடித்ததற்கும் 1920 ஐம்பது சதம் சிவந்ததற்கும் காரணம் ஒன்றே: உள்ளே வெள்ளி குறைவு. 1940 முதல் 1945 வரையான ரூபாவில் வெள்ளி பாதி, செம்பு 40 வீதம், நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து. அந்தச் செம்புதான் பச்சையாக வெளியே வருகிறது. அதன் அடர்த்தியும் 9.5 அளவில்தான் வரும், 10.3 எதிர்பார்த்துக் கள்ளம் என்று முடிவுகட்டாதீர்கள். அந்த ஆண்டுகளின் விளிம்பைப் பாருங்கள், வரிகளுக்கு நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடும். கள்ளரைத் தடுக்கவே வைத்த பாதுகாப்பு விளிம்பு அது. பள்ளமில்லாத 1945 ரூபா என்றால் சந்தேகப்படலாம். இலங்கைக் காசும் அப்படியே: பத்து, இருபத்தைந்து, ஐம்பது சதங்கள் 1892 முதல் 1917 வரை 800 பங்கு வெள்ளி, 1919 முதல் 550 பங்கு. ஆகவே 1893 வெள்ளையாகவும் 1920 செம்மையாகவும் இருப்பதே முறை. ஐம்பது சதம் 5.83 கிராம், இருபத்தைந்து அதில் பாதி, பத்துச் சதம் 1.17. புழங்கித் தேய்ந்த 1920 வெள்ளைவெளேரென்று இருந்தால்தான் யாராவது மினுக்கியிருக்கிறார்கள் அல்லது முலாம் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இனி அந்த 1885 'சிலோன் ரூபா'. இலங்கை 1872இல் ரூபா, சதக் கணக்குக்கு மாறியபோது ரூபாக் காசு தனியாக அடிக்கவில்லை. இந்திய ரூபாவே இங்கும் ரூபா. சதம் மட்டும்தான் இலங்கைக்கென்று அடித்தார்கள். இலங்கையின் பெயரில் ரூபாக் காசு வந்தது 1957இல், புத்த ஜயந்திக்கு, அதுவும் செம்பு-நிக்கலில். ராணி தலையோ மன்னர் தலையோ போட்ட 'சிலோன் ஒரு ரூபா' எதுவாயிருந்தாலும், எடையும் பார்க்க வேண்டாம், அடர்த்தியும் பார்க்க வேண்டாம். இல்லாத காசுக்குப் போலி என்றுகூடச் சொல்ல முடியாது. இதே குடும்பத்தைச் சேர்ந்தவை 1818 என்று ஆண்டு போட்டு, கிழக்கிந்தியக் கம்பனி பெயருடன் அனுமாரும் இராமர் பட்டாபிஷேகமும் பொறித்த 'அணா'க்கள். கம்பனி அப்படி ஒன்றை அடித்ததே இல்லை. கோயில் வாசல்களில் விற்ற வில்லைகள் அவை. அரிசியை இழுக்கும் காசு என்று இலட்சக்கணக்கில் விலை பேசுகிறவர்கள் கொண்டுவருவதும் பெரும்பாலும் இதையே. காசு அரிசியை இழுக்காது. பேராசை ஆளை இழுக்கும். வன்னியின் கடைசித் தலைவன் பண்டாரவன்னியனின் காசு என்று யாராவது நீட்டினால் காசைப் பார்க்குமுன் ஆளைப் பாருங்கள். வன்னிமைகள் என்ற வன்னிச் சிற்றரசுகள் ஒல்லாந்தருக்குத் திறையாகக் கட்டியதே யானைதான்.

1911க்குக் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம், ஏனென்றால் உங்கள் ரின்னில் சேகரிப்பாளர் விலை போகக்கூடியது இது ஒன்றுதான். அந்த ஆண்டு ரூபாவில் மன்னரின் மேலாடையில் உள்ள யானையின் தும்பிக்கை குட்டையாக விழுந்து, பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. சுமார் 94 இலட்சம் அடித்ததில் சுமார் 7 இலட்சமே வெளியே போனது, மிச்சத்தை மீட்டு உருக்கினார்கள். 1912 முதல் தும்பிக்கை தெளிவாக நீண்ட யானை. ஆகவே ஆண்டு 1911 என்றிருந்தால் யானை 'பன்றி'யாக இருக்க வேண்டும். யானை ஒழுங்கான யானையாக இருந்தால், 1914ஐயோ 1917ஐயோ செதுக்கி 1911 ஆக்கியிருக்கிறார்கள். காசு வெள்ளி, எடை சரி, அடர்த்தி சரி, சத்தம் சரி. ஆண்டு மட்டும் கள்ளம். இந்த வகைக்குத் தராசும் காந்தமும் உதவாது, வில்லைதான் உதவும். உங்கள் காசில் அந்த இடம் தேய்ந்திருப்பதாகத் தெரிகிறது. அப்படியானால் ஆண்டின் கடைசி ஒன்றை அதற்கு முந்திய ஒன்றோடு ஒப்பிடுங்கள்: உயரம், தடிப்பு, அடிக்கால், நிற்கும் கோடு. பக்கச் சாய்வு வெளிச்சத்தில் அந்த எண்ணைச் சுற்றி மட்டும் வெளி மினுங்கினாலோ மெல்லிய இணைகோடுகள் தெரிந்தாலோ அங்கே கருவி ஓடியிருக்கிறது. எழுத்துகள் எல்லாம் தேய்ந்திருக்க அந்த ஒரு எண் மட்டும் கூராக நின்றாலும் அதே கதை. 1939 ரூபாவுக்கும் இந்தச் சோதனை வேண்டும். 917 வெள்ளியில் மிக அரிய ஆண்டு அது, 1938இன் எட்டைச் செதுக்கி ஒன்பதாக்குவது பழைய வித்தை.

எடை சரியாக இருந்தும் ஏமாற்றுவதில் இன்னொரு சாதி உண்டு. இந்தியாவில் தீபாவளிக்கும் பூசைக்கும் நகைக்கடைகள் விற்கும் வெள்ளி வில்லைகளில் விக்ரோறியாவும் ஜோர்ஜும் அச்சொட்டாக இருப்பார்கள். பெரும்பாலும் சரியாக 10 கிராம், தூய வெள்ளி, சிலவற்றில் 999 என்ற முத்திரை. வெள்ளி உண்மை, வயது பொய். இதற்கு மாறாக, வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவரும் மரியா தெரேசா தாலர் என்ற ஒஸ்திரிய வெள்ளிக் காசில் 1780 என்றே இருக்கும், ஆனால் அந்த ஆண்டையே போட்டு வியன்னாவில் இன்றுவரை அடிக்கிறார்கள். 28.07 கிராம், 833 பங்கு வெள்ளி. அது போலியல்ல, பழையதும் அல்ல.

அம்மம்மாவின் ரின்னுக்குள் இல்லாவிட்டாலும் வன்னி மண்ணில் இதைவிடப் பழையவை உண்டு. முத்திரை குத்திய வெள்ளிக் காசுகள் மூன்றரைக் கிராமுக்குச் சற்றுக் குறைவாக, ஒழுங்கற்ற சதுரமாக இருக்கும். எடை சரிப்படுத்த மூலை வெட்டியிருப்பார்கள். ஒவ்வொரு முத்திரையும் தனித்தனியே குத்தியது. ஆகவே இரண்டு காசுகளில் எல்லா முத்திரையும் ஒரே இடத்தில் ஒரேமாதிரி விழுந்திருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பில் பிறந்தவை. தூண்டில்போல வளைந்த வெள்ளிக் கம்பிக் காசான லாரினில், கம்பியின் நீளப்பாட்டுக்கு ஒரேசீரான இழுப்புக்கோடு ஓடினால் அது இயந்திரத்தில் இழுத்த புதுக் கம்பியாக இருக்கலாம். நந்தி படுத்திருக்கும், யாழ்ப்பாண மன்னர்களின் சேதுக் காசு மிகப் பெரும்பாலும் செம்பு. வெள்ளிச் சேது என்று வந்தால் முலாமைத் தேடுங்கள். இவற்றில் எது கிடைத்தாலும் விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ போகாதீர்கள். 1815 மார்ச் 2க்கு முந்தியவை 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டியவை. 1862உம் 1911உம் அந்தத் திகதிக்குப் பிந்தியவை, அவை உங்கள் வீட்டுச் சொத்து. காசு கிடைத்த உற்சாகத்தில் பக்கத்துக் காணியையும் கிண்ட வெளிக்கிட வேண்டாம். இந்த மண்ணுக்குள் உலோகம் என்றால் முதலில் நினைக்க வேண்டியது காசையல்ல, வெடிக்காமல் கிடப்பதை.

வைக்கும் விதம்: மெல்லிய பொலித்தீன் உறை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி, உள்ளே அரிசியோ பஞ்சோ வேண்டாம், சாமான்களோடு வரும் ஈரமுறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்று போதும். மென்மையான பீவீசீ உறை ஒரு மழைக்காலம் தாண்டமுன் பச்சைப் பிசின் விடும். 1947ஐயும் 1901ஐயும் வேறு பெட்டியில் வையுங்கள். விற்பதானால் 1918ஐயும் கொப்புளக் காசையும் வெள்ளி விலைக்குக் கொடுக்கலாம், ஆனால் பத்தர் உரைகல்லில் உரசுவதற்கு விளிம்பை மட்டும் காட்டுங்கள். 1911ஐ உரைகல் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அமிலத் துளியும் விட விடாதீர்கள். சாய்வு வெளிச்சத்தில் ஆண்டையும் மேலாடை யானையையும் தனித்தனிப் படமாக எடுத்து அனுப்புங்கள், தும்பிக்கையில் பாதி மிஞ்சியிருந்தாலே சொல்லிவிடலாம்.